ஐஸ் ஹொக்கி கோல் காப்பாளர் ஒருவரைப் பற்றி எழுதும் முன்: தகவல் சரிபார்க்கும் வழிகள்

யாழ்ப்பாணத்தில் ஐஸ் ஹொக்கி ஆடுவதற்குக் களம் இல்லை. ஆனால் ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு என்றால் உயிர். அந்த வழியாக வீரர்களின் கதைகள் இங்கேயும் வந்து சேர்கின்றன. வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, பாடசாலைச் சஞ்சிகையில் அச்சாகின்றன, தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையாகின்றன. அவற்றில் கோல் காப்பாளர்களைப் பற்றிய கதைகளுக்குத் தனி மவுசு உண்டு. முகமூடி அணிந்து, வலைக்கு முன்னால் தனியே நின்று, பாய்ந்து வரும் றப்பர் வட்டை உடம்பால் மறிக்கிற ஒருவரைச் சுற்றிக் கதை வளர்வது இயல்புதான். வளர்ந்த கதையில் எது நடந்தது, எது பிறகு ஒட்டியது என்று பிரித்தறிய விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முரளிதரன் 900 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார் என்று யாராவது எழுதினால், இங்கே பத்து வயதுப் பிள்ளையும் 800 என்று திருத்தும். கிரிக்கெட்டைப் பார்த்தே வளர்ந்ததால் பிழை உடனே கண்ணில் படுகிறது. ஐஸ் ஹொக்கியில் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. எந்த எண் பெரியது, எந்தச் சாதனை நடக்கக்கூடியது என்ற மதிப்பீடு கையில் இல்லாதபோது ஒழுங்கான முறை ஒன்றுதான் துணை. அதைப் பிடித்துக்கொண்டால், ஒரு ஆட்டத்தையும் பார்த்திராதவர்கூட நம்பத்தக்க கட்டுரை எழுத முடியும்.

முதலில் குறிப்பை உடையுங்கள்

ஒரு குறிப்பு கிடைத்ததும் “இது உண்மையா?” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். ஒரே குறிப்பில் சரியும் பிழையும் கலந்தே கிடக்கும். ஒரு கொப்பியை எடுத்து, வரிக்கு ஒரு தகவலாகப் பிரித்து எழுதுங்கள்.

கைபேசிக்கு இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “ரொறன்ரோவில் ஐஸ் துடைக்கும் வண்டி ஓட்டும் 42 வயதுச் சாரதி டேவிட் ஏயர்ஸ், 2020 பெப்ரவரி 23 அன்று மேப்பிள் லீவ்ஸ் அணிக்காகத் திடீரென்று களமிறங்கி, ஒரு கோலும் விடாமல் வெற்றி தேடிக்கொடுத்தார்.” இதைப் பிரித்தால் பெயர், வயது, தொழில், திகதி, அணி, விட்ட கோல்கள், முடிவு என்று ஏழு வரிகள் வரும்.

இனி என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹொக்கி லீக்கின் இணையத்தளத்தில் அந்த ஆட்டத்தின் பதிவைத் திறந்து பாருங்கள். கரோலினா ஹரிகேன்ஸ் 6, ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் 3. கரோலினாவின் இரண்டு கோல் காப்பாளர்களும் அதே ஆட்டத்தில் காயப்பட்டதால் ஏயர்ஸ் கரோலினாவுக்காக இறங்கினார். தன்னை நோக்கி வந்த 10 அடிகளில் எட்டைத் தடுத்தார், இரண்டு கோலாகின. ஆகவே பெயர், வயது, வெற்றி ஆகிய மூன்றும் சரி. அணி பிழை. கோல் கணக்கும் பிழை.

அணி மாறியது எப்படி என்று தெரிந்துகொள்வதும் பயன் தரும். இரு அணிகளில் எதற்குத் தேவைப்பட்டாலும் இறங்குவதற்கு ஓர் அவசர கோல் காப்பாளரை ஆயத்தமாக வைத்திருப்பது அப்போது போட்டியை நடத்தும் அணியின் பொறுப்பு. ஏயர்ஸ் ரொறன்ரோவைச் சேர்ந்தவர். மேப்பிள் லீவ்ஸின் துணை அணியான மார்லீஸின் பயிற்சிகளில் கோல் காத்தவர். கதை சொல்பவர்கள் அதை வைத்து அவரை ரொறன்ரோ அணிக்காரராகவே ஆக்கிவிடுகிறார்கள். தொழிலைப் பற்றிய வரி பாதி சரி. அவர் ஐஸ் துடைக்கும் வண்டி ஓட்டியவர்தான், ஆனால் அந்த நாட்களில் நகரின் வேறோர் அரங்கின் நிர்வாக வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். “வண்டிச் சாரதி” என்ற பட்டம் தலைப்புக்குச் சுவையாக இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது.

திகதியில் இங்கே இருக்கிற நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஆட்டம் ரொறன்ரோவில் பெப்ரவரி 22, சனிக்கிழமை இரவு 7 மணியளவில் தொடங்கியது. அப்போது யாழ்ப்பாணத்தில் 23ஆம் திகதி ஞாயிறு அதிகாலை 5.30. இங்கிருந்து முகநூலில் போட்டவருக்கு அது 23தான். எழுதும்போது ஆட்டம் நடந்த ஊரின் திகதியையே கொடுங்கள். ரொறன்ரோ நேரம் குளிர்காலத்தில் நமக்கு பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரவு ஆட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒருநாள் வித்தியாசம் காத்திருக்கும்.

ஆள் யார் என்று உறுதிசெய்யுங்கள்

மட் மர்ரே என்ற பெயரில் இரண்டு கோல் காப்பாளர்கள் என்.எச்.எல்.லில் ஆடியிருக்கிறார்கள். ஒருவர் 1994இல் ஒன்ராறியோவின் தண்டர் பேயில் பிறந்தவர். பிற்ஸ்பேர்க் அணியோடு 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணம் வென்றவர். பின்னர் ரொறன்ரோவுக்கும் ஆடியவர். மற்றவர் 1998இல் அல்பேர்ட்டாவில் பிறந்து டலஸ் ஸ்டார்ஸ் அணியில் அறிமுகமானவர். பெயரை மட்டும் கொடுத்துத் தேடி, கிடைத்த எண்களை எல்லாம் ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுவது மிக எளிது.

குடும்பத்துக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு. மார்ட்டின் புரோடர் 2002, 2010 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடா அணியில் இருந்தார். அவருடைய தந்தை டெனிஸ் புரோடரும் கோல் காப்பாளர்தான், 1956 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா அணியில் கோல் காத்தவர். “ஒலிம்பிக் பதக்கம் வென்ற கோல் காப்பாளர் புரோடர்” என்று ஒரு பழைய படத்தின் கீழ் எழுதியிருந்தால், அது எந்தப் புரோடர் என்று ஆண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுவீடனின் ஹென்ரிக் லுண்ட்குவிஸ்டுக்கு ஜோயல் என்ற இரட்டைச் சகோதரர் இருக்கிறார். அவரும் என்.எச்.எல்.லில் ஆடியவர், ஆனால் முன்னணி வரிசையில். இருவருக்கும் பிறந்த நாளும் ஒன்று என்பதால், இங்கே பிறந்த திகதியை மட்டும் ஒப்பிட்டாலும் போதாது, ஆடிய இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆகவே முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், ஆடும் இடம் ஆகிய நான்கையும் கொப்பியின் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தேடும்போது பெயரை அவருடைய மொழியின் எழுத்துக்கூட்டலிலேயே தேடுங்கள். தமிழில் எழுதும்போது உச்சரிப்பைக் காதால் கேட்டு எழுதுங்கள். மொன்றியலின் புகழ்பெற்ற கோல் காப்பாளர் பட்றிக் றுவாவை, ஆங்கில எழுத்துகளை மட்டும் பார்த்து “ரோய்” என்று எழுதிவிட்டால் கியூபெக்கில் இருக்கும் உங்கள் மச்சானுக்கே ஆளைத் தெரியாமல் போகும். ஆட்ட வர்ணனைக் காணொளி ஒன்றை ஒரு நிமிடம் கேட்டால் போதும்.

பிறந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நெடுந்தீவுக் குடும்பத்துப் பிள்ளை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பிறந்தால், சான்றிதழில் ஒரு ஊரும் வாயில் இன்னொரு ஊரும் வரும். கேரி பிரைஸ் வன்கூவரில் பிறந்தவர், வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் உள்ள அனஹிம் லேக் என்ற சிறிய ஊரில். “அனஹிம் லேக்கைச் சேர்ந்தவர்” என்பதும் “வன்கூவரில் பிறந்தவர்” என்பதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எது பிறப்பு, எது ஊர் என்று பிரித்து எழுதினால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். டொமினிக் ஹாஷெக் போன்றவர்களுக்கு நாட்டின் பெயரே மாறியிருக்கிறது. 1965இல் அவர் பர்டுபிட்சே நகரில் பிறந்தபோது அது செக்கோஸ்லோவாக்கியா, இன்று செக் குடியரசு. பிறந்த ஆண்டில் இருந்த பெயரை எழுதி, இன்றைய பெயரையும் சேர்ப்பது நல்லது.

தொழில் வாழ்க்கையை ஆண்டு ஆண்டாகப் பின்தொடருங்கள்

வட அமெரிக்க ஹொக்கிப் பருவம் ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும், அதன்பின் கிண்ணத்துக்கான பிளேஓஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்று ஆட்டங்கள் வழமையாக ஜூன் வரை போகும். அதனால்தான் பருவத்தை 1992-93 என்று இரண்டு ஆண்டுகளாக எழுதுகிறார்கள். “1993இல் கிண்ணம் வென்றார்” என்பது 1992-93 பருவத்தைக் குறிக்கும். 1993-94 வரிசையில் தேடினால் கிடைக்காது. புதியவர்களின் கட்டுரைகளில் ஓராண்டுப் பிசகு அதிகம் வருவது இங்கேதான்.

பருவங்களை வரிசையாக எழுதும்போது இடைவெளி தென்பட்டால் அதை உங்கள் ஊகத்தால் நிரப்பாதீர்கள். 2004-05 பருவம் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறினால் முழுமையாகவே நடக்கவில்லை. அந்த ஆண்டில் என்.எச்.எல். கணக்கு யாருக்கும் இல்லை. பலர் ஐரோப்பாவில் ஆடினார்கள். 1994-95, 2012-13 பருவங்களில் ஒவ்வோர் அணிக்கும் 48 ஆட்டங்கள்தான். அந்த ஆண்டுகளில் வெற்றி எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்து “அவருடைய ஆட்டம் சரிந்தது” என்று எழுதினால் அது அநியாயம்.

இந்தப் பகுதியை நன்றாகப் பழக விரும்பினால் கென் டிரைடனின் வாழ்க்கையை எடுத்துச் சரிபார்த்துப் பாருங்கள். பார்த்தவுடன் பிழை என்று தோன்றும் பல தகவல்கள் அதில் உண்மை. 1947இல் ஒன்ராறியோவின் ஹமில்டனில் பிறந்தவர். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1964 தேர்வில் அவரை எடுத்த அணி பொஸ்டன் புரூயின்ஸ். ஆனால் பொஸ்டனுக்கு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை; உரிமை உடனேயே மொன்றியல் கனேடியன்ஸுக்குக் கைமாறியது. 1970-71 பருவத்தின் கடைசியில் ஆறே ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டு, பிளேஓஃபில் மொன்றியலுக்குக் கிண்ணம் வென்று கொடுத்து, அந்தச் சுற்றின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதையும் பெற்றார். அடுத்த ஆண்டு, 1972இல், சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருது. சாம்பியன் ஆன பிறகு புதுமுக விருதா? ஆம். முந்தைய பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதால் விதிப்படி அவர் இன்னும் புதுமுகம்தான். தேதி மாறியிருக்கிறது என்று நினைத்து இந்த இரண்டு விருதுகளையும் இடம் மாற்றித் “திருத்தினால்”, சரியாக இருந்ததைக் கெடுத்தவர் ஆவோம்.

அதே டிரைடனுக்கு 1973-74 வரி வெறுமையாக இருக்கும். காயமோ தடையோ காரணம் அல்ல. சட்டம் படித்து முடித்த அவர் அந்த ஆண்டு ரொறன்ரோவில் சட்ட நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து 1979இல் ஓய்வுபெறும்போது ஆறு கிண்ணங்கள் கைவசம். பின்னர் 2004இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, அமைச்சராகவும் இருந்தார். இந்தப் பகுதியை ஹொக்கித் தளங்களில் தேடக் கூடாது, கனேடிய நாடாளுமன்றத்தின் பதிவுகளில்தான் தேட வேண்டும். 2025 செப்டெம்பரில் அவர் காலமானார். அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் நிகழ்காலத்தில் பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்கும் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

தேர்வு எண்ணிலும் ஒரு வார்த்தை. றுவா 1984இல் “மூன்றாவது சுற்றில்” தேர்வானார் என்று ஒரு பக்கமும், “51ஆவதாகத்” தேர்வானார் என்று இன்னொரு பக்கமும் சொல்லும். இரண்டும் சரி. ஒன்று சுற்று, மற்றது மொத்த வரிசை.

எண்களை நீங்களே கணக்கிடுங்கள்

கோல் காப்பாளருக்கு முக்கியமான எண்கள் நான்கு: வெற்றிகள், கோல் விடாத ஆட்டங்கள், தடுத்த விகிதம், ஆட்டத்துக்குச் சராசரியாக விட்ட கோல்கள். முதலிரண்டும் எண்ணிக்கை. பின்னிரண்டும் கணக்கு, அதை வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம்.

தடுத்த விகிதம் என்பது தடுத்தவற்றை, வந்த அடிகளால் வகுப்பது. ஏயர்ஸுக்கு 8 ஐ 10 ஆல் வகுத்தால் .800. ஹொக்கியில் இப்படி மூன்று தசம தானங்களில் எழுதுவதே வழக்கம். “நூற்றுக்கு எண்பது” என்று தமிழில் எழுதினாலும் பிழையில்லை, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். சராசரி என்பது விட்ட கோல்களை 60ஆல் பெருக்கி, ஆடிய நிமிடங்களால் வகுப்பது. ஏயர்ஸ் களத்தில் நின்ற நேரம் 28:41 என்று பதிவில் இருக்கும். இங்கே நிதானம் வேண்டும். அது 28 நிமிடம் 41 செக்கன். தசமத்தில் 28.68. 120ஐ 28.68ஆல் வகுத்தால் 4.18 வரும், அதுதான் சரி. 28.41 என்று நினைத்து வகுத்தால் 4.22 வந்து, பதிவேடு பிழை என்று தோன்றும்.

கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு மேலதிகமாக ஒரு தாக்குதல் வீரரை இறக்கும்போது வெறும் வலைக்குள் விழும் கோல்கள் அவருடைய கணக்கில் சேராது. ஆகவே அணி விட்ட கோல்களும் அவர் விட்ட கோல்களும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். அதேபோல, ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் காப்பாளர்கள் மாறி ஆடி அணி ஒரு கோலும் விடாவிட்டால், என்.எச்.எல். கணக்கில் அது அணிக்குரியது. இருவரில் எவருடைய தனிக்கணக்கிலும் ஏறாது.

லீக் ஆட்டங்களும் பிளேஓஃப் ஆட்டங்களும் எப்போதும் வெவ்வேறு அட்டவணை. புரோடரின் 691 வெற்றிகளும் 125 கோல் விடாத ஆட்டங்களும் லீக் ஆட்டங்களில் மட்டும் பெற்றவை. லீக் எண்ணையும் பிளேஓஃப் எண்ணையும் கூட்டி ஒரு புதிய எண்ணை உண்டாக்கி, அதை “சாதனை” என்று எழுதக் கூடாது.

காலத்துக்குக் காலம் விதி மாறியிருப்பதைக் கவனிக்காமல் எண்களை ஒப்பிடுவதுதான் மிகப் பெரிய சிக்கல். 2003-04 வரை லீக் ஆட்டங்கள் சமநிலையில் முடியலாம். 2005-06இலிருந்து சமநிலை இல்லை; மேலதிக நேரத்திலும் சமனாக இருந்தால், வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல் காப்பாளரை எதிர்கொள்ளும் தனித்தனி அடிகளால் வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. றுவா 2003இல் ஓய்வுபெற்றார். அவருடைய 551 வெற்றிகளில் அப்படிப்பட்ட வெற்றி ஒன்றும் இல்லை. புரோடரின் 691இல் உண்டு. புரோடர் பெரியவர் இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஒப்பீடு எழுதும்போது இந்த விதி மாற்றத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள் என்கிறேன்.

விருதுகளும் அப்படித்தான். வெசினா விருது இன்று அணிகளின் பொது முகாமையாளர்கள் வாக்களித்துச் சிறந்த கோல் காப்பாளருக்குக் கொடுப்பது. 1981-82க்கு முன்பு அது குறைந்த கோல்கள் விட்ட அணியின் கோல் காப்பாளர்களுக்குக் கணக்குப்படி போனது. டிரைடனின் ஐந்து வெசினா விருதுகளில் மூன்றை அவர் சக கோல் காப்பாளர் மிஷேல் லரொக்குடன் பகிர்ந்துகொண்டார். ஹாஷெக்கின் ஆறும் வாக்களிப்பில் வென்றவை. “ஆறு ஐந்தைவிடப் பெரியது” என்று மட்டும் எழுதினால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

இன்னொன்று, எண்ணுக்குத் திகதி வேண்டும். “அதிக வெற்றிகள் பெற்றவர் றுவா” என்று 2005இல் எழுதிய கட்டுரை அன்று சரி. 2009 மார்ச் 17 அன்று புரோடர் 552ஆவது வெற்றியைப் பெற்றதும் அது பழையதாகிவிட்டது. “றுவா இரண்டாம் இடம்” என்பதும் 2024 ஜனவரியில் மார்க்-ஆந்திரே ஃப்ளூரி அவரைக் கடந்ததோடு காலாவதியானது. சரியாக எழுதியவர்மீது பழி போடாமல், நிலவரத்தைப் புதுப்பியுங்கள்.

“முதலாவது” என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள்

முகமூடி அணிந்த முதல் கோல் காப்பாளர் ஜாக் பிளான்ட் என்று எங்கும் படிக்கலாம். 1959 நவம்பர் 1 அன்று நியூயோர்க்கில் முகத்தில் அடிபட்ட பிறகு அவர் முகமூடியோடு திரும்பிவந்தது உண்மை. ஆனால் 1930லேயே மொன்றியல் மரூன்ஸின் கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடியோடு சில என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். பிளான்ட் செய்தது அதை வழக்கமாக்கியது. அதுவே போதிய பெருமை, “முதலாவது” என்ற பொய் அவருக்குத் தேவையில்லை.

கோல் அடித்த முதல் கோல் காப்பாளர் யார்? 1979இல் பில்லி ஸ்மித்தின் பெயரில் ஒரு கோல் பதிவானது. எதிரணி தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே அனுப்பிய வட்டைக் கடைசியாகத் தொட்ட நியூயோர்க் ஐலண்டர்ஸ் வீரர் அவர் என்பதால் கணக்கு அவருக்குப் போனது. தானே குறிபார்த்து அடித்துக் கோலாக்கிய முதலாமவர் 1987 டிசம்பர் 8 அன்று பிலடெல்பியாவின் ரொன் ஹெக்ஸ்டோல். கேள்வியைச் சரியாகக் கேட்டால் இருவருக்கும் இடம் இருக்கிறது.

மனோன் ரேயோமைப் பற்றி நம் பெண்பிள்ளைகள் விரும்பி எழுதுகிறார்கள், எழுத வேண்டும். 1992 செப்டெம்பர் 23 அன்று தம்பா பே அணிக்காக ஒரு முழுப் பகுதி ஆடி, ஒன்பது அடிகளில் ஏழைத் தடுத்தார். ஆனால் அது பருவத்துக்கு முந்தைய காட்சி ஆட்டம். “என்.எச்.எல். காட்சி ஆட்டத்தில் ஆடிய முதல் பெண்” என்பது உண்மை, “என்.எச்.எல். லீக் ஆட்டத்தில் ஆடிய முதல் பெண்” என்பது உண்மையல்ல. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் கனடாவுடன் அவர் பெற்ற வெள்ளிப் பதக்கத்தையும் சேர்த்தால் கட்டுரை கனமாகும், மிகைப்படுத்தவும் தேவைப்படாது.

கதையை ஊற்றுவரை பின்தொடருங்கள்

விருதுக்குப் பெயர் தந்த ஜோர்ஜ் வெசினா 1887இல் கியூபெக்கின் சிக்கூத்திமியில் பிறந்தவர். 1925 நவம்பர் 28 அன்று காய்ச்சலோடு ஆடத் தொடங்கி, இடையில் வெளியேறினார். 1926 மார்ச் 27 அன்று காசநோயால் இறந்தார். இவ்வளவும் உறுதியானவை. இவருக்கு 22 பிள்ளைகள் என்ற கதையும் கூடவே வரும். பத்திரிகைகளும் புத்தகங்களும் பல தசாப்தங்களாக அதை எழுதியிருக்கின்றன. ஆகவே “பல இடங்களில் இருக்கிறது, உண்மையாகத்தான் இருக்கும்” என்று தோன்றும்.

பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே வாயில் போய் நிற்கும். மொன்றியல் அணியின் முகாமையாளர் லியோ டாண்டுராண்ட், வெசினாவுக்கு ஒன்பது ஆண்டுகளில் 22 பிள்ளைகள், அதில் மூன்று தடவை மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பிறந்தன, அவருக்கு ஆங்கிலமே தெரியாது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். உண்மையில் வெசினாவுக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள். ஆங்கிலமும் ஓரளவு தெரியும். இருபது புத்தகங்கள் எழுதியிருந்தாலும் அவை அனைத்தும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் சாட்சி ஒன்றுதான். இந்த ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொண்டால், இணையத்தில் வரும் பாதிப் பொய்கள் உங்களை அண்டாது. ஒவ்வொரு கதைக்கும் கேளுங்கள்: இதை முதலில் சொன்னவர் யார், அவர் அந்த இடத்தில் இருந்தாரா, சொன்னதால் அவருக்கு என்ன நன்மை? டாண்டுராண்டுக்கு டிக்கெட் விற்க வேண்டியிருந்தது.

சில கதைகளில் சாரம் உண்மையாகவும் நேரம் சுருங்கியும் இருக்கும். 1995 டிசம்பர் 2 அன்று டெட்ரோயிட்டிடம் மொன்றியல் 11-1 என்று தோற்றது. 26 அடிகளில் ஒன்பது கோல் விட்ட பிறகுதான் றுவாவை வெளியே எடுத்தார்கள். மொன்றியலில் இதுவே தன் கடைசி ஆட்டம் என்று அவர் அணி நிர்வாகத்தின் தலைவர் ரொனால்ட் கோரியிடம் அங்கேயே சொன்னார். கதையில் மறுநாளே அவர் கொலராடோவுக்குப் போய்விடுவார். உண்மையில் பரிமாற்றம் நடந்தது டிசம்பர் 6 அன்று. அந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது என்று தேடினால், உங்கள் கட்டுரைக்கு நல்ல ஒரு பந்தியே கிடைக்கும்.

எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது

எண்களுக்கு என்.எச்.எல். தளம் முதலிடம். அதை ஹொக்கி ரெஃபரன்ஸ் தளத்தோடு ஒப்பிடுங்கள். சிறிய லீக்குகளுக்கும் ஐரோப்பாவுக்கும் எலீட் புரொஸ்பெக்ட்ஸ், ஹொக்கி டிபி. ஒலிம்பிக்குக்கு ஒலிம்பீடியா. பெரிய வீரர்களின் வாழ்க்கைச் சுருக்கத்துக்கு ரொறன்ரோவில் உள்ள ஹொக்கி புகழ்மண்டபத்தின் தளம். விக்கிப்பீடியாவைத் திறக்கலாம், ஆனால் அங்கே வாசிக்க வேண்டியது பக்கத்தின் அடியில் உள்ள சான்றுகளை. கேட்டவுடன் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சொல்லும் திகதியையும் எண்ணையும் சான்றாக ஒருபோதும் வைக்காதீர்கள்; தேட வேண்டிய இடத்தைக் காட்டினால் அந்த உதவி போதும். அச்சானது, பொறித்தது என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். ஸ்டான்லி கிண்ணத்திலேயே பிளான்ட்டின் பெயர் பிழையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழநாடு இதழ்களைப் புரட்டிப் பழகியவர்களுக்குப் பழைய கனேடியப் பத்திரிகைகளும் கைவரும். கியூபெக்கின் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை வருடி இலவசமாக வைத்திருக்கிறது. மொழி பிரெஞ்சு என்றாலும், ஆட்ட முடிவும் திகதியும் எண்களும் புரியும். ரொறன்ரோ பொது நூலக அட்டை வைத்திருப்பவர்கள் பழைய ரொறன்ரோ ஸ்டாரை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் மாமாவின் மகளிடம் அட்டை இருந்தால், திகதியையும் தலைப்பையும் தெளிவாகச் சொல்லிப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். “றுவாவைப் பற்றி ஏதாவது அனுப்பு” என்றால் ஒன்றும் வராது. “1995 டிசம்பர் 7, விளையாட்டுப் பக்கம்” என்றால் அன்றிரவே வரும்.

உறவினர்களின் நினைவும் சான்றுதான், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. மரியாதை குறையாமல் இப்படிக் கேளுங்கள்: “மாமா, அந்த ஆட்டத்தை நீங்கள் அரங்கிலே இருந்து பார்த்தீர்களா, தொலைக்காட்சியில் பார்த்தீர்களா, அல்லது வேலையிடத்தில் யாராவது சொல்லிக் கேட்டீர்களா? அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்?” கடைசிக் கேள்விதான் ஆண்டைப் பிடித்துத் தரும். புலம்பெயர்ந்தவர்கள் வீடு மாறிய ஆண்டை மறப்பதில்லை. அவர் சொன்ன ஆண்டோடு பதிவேடு பொருந்தினால் சேருங்கள்; பொருந்தாவிட்டால் பதிவேட்டின் ஆண்டை எழுதி, மாமா நேரில் கண்ட காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் உடல்நலம், குடும்பத் தகராறு, கடன் ஆகியவற்றை அவர்களே பொதுவில் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். ஏயர்ஸ் தன் தாய் தந்த சிறுநீரகத்தோடு வாழ்வதை அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார், எழுதலாம். அவர்கள் பேசாததை ரசிகர் ஒருவர் ஊகித்திருந்தால், எத்தனை பேர் பகிர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டு நல்ல சான்றுகள் முரண்பட்டு, எதையும் உறுதிசெய்ய முடியாமல் போகும் இடங்களும் வரும். இரண்டையும் சொல்லி, எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த விவரம் கட்டுரைக்கு அத்தனை அவசியமில்லை என்றால் வரியையே எடுத்துவிடுங்கள். கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எங்கே பார்த்தீர்கள், எந்தத் திகதியில் பார்த்தீர்கள் என்று குறித்து, அந்தப் பக்கங்களைக் கைபேசியில் சேமித்தும் வையுங்கள். தளங்கள் மாறும், சில காணாமலே போகும். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றிய கட்டுரை என்றால், எண்களுக்கு அருகே எந்த நாள்வரையிலான நிலவரம் என்று எழுதி, ஆண்டுக்கு இரண்டு தடவை திறந்து பாருங்கள்: ஜூன் முடிவில் கிண்ணமும் விருதுகளும் தீர்ந்த பிறகு ஒரு முறை, நவம்பரில் ரொறன்ரோவில் புகழ்மண்டப நிகழ்வு நடந்த பிறகு ஒரு முறை.